காய்ச்சல் விட்டாலும் இரத்தம் தேறட்டும்

புரட்டாசி, ஐப்பசியில் கும்பப்பூ நடவு நடக்கும்போது கொட்டாரம் பக்கம் வயல்களுக்குப் போனால், உரம், பூச்சி பற்றிய கேள்விகளோடு இன்னொரு கேள்வியும் வரும். "சார், காய்ச்சல் விட்டு ரெண்டு நாளாச்சு. வயல்ல இறங்கலாமா?"

நான் வேளாண்மை படித்தவன், வைத்தியன் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும், வீட்டில் பட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இரத்தம் குழாய்க்குள் தடையில்லாமல் ஓட வேண்டும். அரிவாள் பட்ட இடத்தில் உடனே உறைய வேண்டும். கடுமையான வைரஸ் காய்ச்சல் இந்த நிதானத்தைக் குலைத்துவிடும். மடை உடைந்தாலும் கேடு, வாய்க்கால் அடைத்தாலும் கேடு என்பது நமக்குத் தெரிந்ததுதானே?

மடை உடைவது போன்றது டெங்கு. 2012-ல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. நம் தென்மாவட்டங்களும் அதில் தப்பவில்லை. உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். டெங்குவில் இவை வேகமாகக் குறையும். அதைவிட ஆபத்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது. இது பெரும்பாலும் 3 முதல் 7-ம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நடக்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கருப்பு மலம், தலைசுற்றல், அசதி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

கொரோனா இதற்கு நேர்மாறு. குழாயின் உட்சுவர் புண்பட்டு, இரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைந்தது. 2021-ல் என் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டு மூன்றாவது வாரம், வாழைத்தோட்டத்தில் நிற்கும்போது ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்ததில் காலில் இரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஊசிக்குப் பிறகு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். சுவீடனில் பத்து லட்சம் நோயாளிகளுக்கு மேல் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டதில், கால் இரத்தக்கட்டி அபாயம் 3 மாதம் வரையும், நுரையீரல் கட்டி அபாயம் 6 மாதம் வரையும் கூடுதலாக இருந்தது தெரிந்தது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் பழையது வார்ஃபரின். 1920-களில் அமெரிக்கா, கனடாவில் பூசணம் பிடித்த குளோவர் வைக்கோல் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. அந்தக் காரணத்தைத் தேடியதில் பிறந்த மருந்து இது. 1948-ல் எலி மருந்தாக வந்து, 1954-ல் மனிதருக்கும் வந்தது. நாம் எலிக்கு வைக்கும் புரோமடியோலோனும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

ஆகவே என் பதில்: டெங்கு என்றால் காய்ச்சல் விட்ட இரண்டு நாளும் வீட்டில் இருந்து, கஞ்சி, இளநீர் குடித்துக் கவனியுங்கள். கடும் காய்ச்சலில் படுத்து எழுந்தவர் ஒரே இடத்தில் கிடக்காமல் மெல்ல நடக்கட்டும். மண்வெட்டி பிடிப்பது மருத்துவர் சரி என்ற பிறகு. ஒரு கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் தாமதிக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோட்டத்தில் கிடக்கும் சிரட்டைகளை இன்றே கவிழ்த்துப் போடுங்கள்.