எத்தனை முருகன்

புதுச்சேரி வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியைத் தாண்டிக் கதிர்காமத்தின் சந்து ஒன்றில் நுழைந்தால் அந்த மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார். மேலே இரண்டு அறைகளில் நான்கு பேர். இரத்தப் பரிசோதனை நிலையங்கள், சிறு கிளினிக்குகள் ஆகியவற்றின் டேட்டாபேஸைப் பராமரிப்பது அவர்கள் தொழில். மூத்தவர் ஒரு பெண். மற்ற மூவரும் ‘அக்கா’ என்று அழைத்ததால் பத்தே நிமிடத்தில் எனக்கும் அவர் அக்கா ஆகிவிட்டார்.

“பேஷண்ட் பேரு எதையும் உங்களுக்குக் காட்ட மாட்டேன் சார். டெஸ்டுக்குன்னு நாங்களே போட்டுவெச்ச பேரு இருக்கு, அதைப் பாருங்க” என்றார் முதலிலேயே. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

காலையில் வந்திருந்த புகார் இது. ஒரு பெரியவர் ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையத்தில் சர்க்கரை பார்க்கிறார். இந்த முறை கம்ப்யூட்டர் அவரைப் புது ஆள் என்கிறது. பழைய ரிப்போர்ட் ஒன்றும் வரவில்லை. அக்கா திரையில் இரண்டு வரிகளைக் காட்டினார். இரண்டுமே முருகன். ஒன்று நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்தில். மற்றது எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ, ஜி, ஏ, என், ஈ.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர். பிறப்புப் பதிவேட்டில் எழுதியவர் பிரெஞ்சு ஒலிப்படி எழுதினார். ‘உ’ என்ற ஒலிக்கு ஓ, யூ. ‘ஜ’வுக்கு டி, ஜே. குமார் ‘சி’யில் தொடங்குவார். 1881 ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்தவர்களுக்குக் குடும்பப் பெயரும் சேர்ந்தது. இனிஷியலுக்கென்று ஒரே ஒரு எழுத்துக் கட்டம் விட்ட டேபிளில் அந்தக் குடும்பங்கள் எங்கே போய் உட்காரும்?

ஒலியை வைத்துப் பெயர் தேடும் வழி பழையது. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் இன்றைய டேட்டாபேஸ்களிலும் இருக்கிறது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைக் கழித்து, மெய்களை இனம் பிரித்து எண்ணாக்கும். அக்கா இரு முருகன்களையும் கொடுத்தார். இரண்டுக்கும் எம்625. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அடுத்து இரு குமார்களைக் கொடுத்தார். ஒன்று சி560, மற்றது கே560. முதல் எழுத்தில் பிசகினால் அவ்வளவுதான். அதனால் அவரே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்திருக்கிறார். தேடலுக்கு முன் ஓ-யூ வந்தால் யூ ஆகும், டி-ஜே வந்தால் ஜே ஆகும், முதலில் வரும் சி கே ஆகும். தன் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துத்தான் அதை எழுதத் தொடங்கினாராம்.

“அப்போ தமிழிலேயே பதிஞ்சா தீர்ந்துதே?” என்றேன்.

பதிலுக்கு இரண்டு ‘கோவிந்தன்’ காட்டினார். கண்ணுக்கு ஒன்றேதான். டேட்டாபேஸ் வேறு வேறு என்றது. யூனிகோடில் ‘கோ’வை ககரம், ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், ககரம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். முதலாவது ஆறு பைட், இரண்டாவது ஒன்பது. எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து வரும் வித்தியாசம் இது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 13ஆம் பதிப்பிலிருந்து இதைச் சீராக்க ‘நார்மலைஸ்’ என்ற வசதி உண்டு. பெயர் உள்ளே வரும்போதே அதன் வழியாக அனுப்பிவிட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை.

பிற்பகலில் இளையவர் ஒருவர் முகம் வாடி வந்தார். ஆறு மாதமாகப் பரிசோதனைக்கு வராத சர்க்கரை நோயாளிகளைத் தொலைபேசியில் அழைக்கப் பட்டியல் கேட்டிருந்தார்கள். “அக்கா, குவெரி ஓடுது, எர்ரர் இல்ல. ஆனா ஒருத்தர்கூட வரல.”

வந்தவர்களின் பதிவு எண்களை எடுத்து, அவற்றில் இல்லாதவர்களை ‘நாட் இன்’ போட்டுக் கேட்டிருந்தார். வந்தவர் பட்டியலில் ஒரே ஒரு வரியில் எண் இல்லை, நல். ‘நல்’ என்றால் பூஜ்யம் என்றோ வெற்று என்றோ நினைத்துவிடுகிறோம். டேட்டாபேஸுக்கு அது ‘தெரியாது’. உன் எண் இந்தத் தெரியாத எண்ணிலிருந்து வேறா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டால் ‘தெரியாது’ என்பதே விடை. உறுதியாக ‘ஆம்’ என்று தேறுகிற வரி மட்டுமே பட்டியலில் வரும். ஆகவே ஒருவரும் தேறவில்லை. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றி எழுதியதும் பெயர்கள் வந்தன. இயந்திரம் பிழையென்று சொல்லியிருந்தால் உடனே பார்த்திருப்பார்கள். காலியான பட்டியலை நம்பியிருந்தால், மருந்தை நிறுத்திவிட்ட யாரோ ஒருவருக்கு அந்த அழைப்பு போயிருக்காது. இதை எழுதும்போதும் எனக்கு அது உறுத்துகிறது.

எட்கர் காட் என்ற ஐபிஎம் ஆய்வாளர் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தவை இந்த டேபிள் வகை டேட்டாபேஸ்கள். தரவு உள்ளே எப்படிக் கிடக்கிறது என்று பயன்படுத்துபவர் அறியத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் அது எப்படி உள்ளே வந்தது என்பதை யாராவது அறிந்திருக்க வேண்டும். அக்கா நாள் முழுவதும் செய்வது அதைத்தான்.

மாலையில் இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும் வேலை. எதையும் அழிப்பதில்லை. பழைய எண்ணைப் புது எண்ணோடு கோக்கும் தனி டேபிள் ஒன்று இருக்கிறது. முதலில் ‘பிகின்’. பிறகு மாற்றம். எத்தனை வரி மாறியது என்று எண்ணிப் பார்த்துவிட்டே ‘கமிட்’. அன்று ஒரு ஜோடி வெகு சுலபமாக வந்தது. பெயர் ஒன்று, தெரு ஒன்று, போன் நம்பர் ஒன்று. ஒரு வரியில் பிறந்த தேதி நல். நானாக இருந்தால் சேர்த்திருப்பேன். அக்கா நிலையத்தின் வரவேற்பில் இருக்கும் பெண்ணை அழைத்து, வீட்டில் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

கால்மணி நேரத்தில் பதில் வந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“தாத்தாவும் பேரனும், சார். தாத்தா பேரையே வெச்சிருக்காங்க.”

பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்ததுதானே. தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பேரன் காய்ச்சலுக்கு ஒருமுறை வந்து இரத்தம் கொடுத்தவன். அக்கா ‘ரோல்பேக்’ என்று தட்டி மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். இருவர் எண்ணையும் ‘வேறு ஆட்கள்’ என்ற டேபிளில் சேர்த்து, கேட்ட தேதியையும் எழுதிவிட்டு அடுத்த ஜோடியைத் திறந்தார்.