சந்திரகிரிக்கு ஒரு நாள்

திருப்பதியில் குடியேறிப் பத்தாண்டுகள் ஆகியும், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்திரகிரியை நான் கண்டதில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று குடும்பத்துடன் புறப்பட்டதற்கு என் மகனின் கேள்வியே காரணம். "அப்பா, பள்ளியில் என்னை அரவவாடு என்று கேலி செய்கிறார்கள். நாம் இந்த ஊர்க்காரர்கள் இல்லையா?" என்று கேட்டான். தக்க விடை அன்று என்னிடம் இல்லை.

பாகாலா மார்க்கத்து வண்டியில் ஏறிச் சந்திரகிரியில் இறங்கினோம். பெரும் பாறைக்குன்றின் அடிவாரத்தில், கோட்டை மதிலுக்குள் ராஜமகாலும் ராணிமகாலும் நிற்கின்றன. மூன்றடுக்கு ராஜமகாலைக் கல், செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றாலேயே கட்டியுள்ளனர், மரம் சேர்க்கவில்லை. இன்று அது தொல்பொருள் காட்சிசாலை.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விஜயநகர அரசர்கள், முதலில் பெனுகொண்டாவையும் பின்னர் இவ்வூரையும் தலைநகராகக் கொண்டனர். இவ்வரசுக்குக் கீழ்ப்பட்ட தாமர்லா வெங்கடாத்திரி நாயக்கரிடமிருந்தே 1639-இல் ஆங்கிலக் கும்பினியாரின் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட மானியம் பெற்றார். நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயராலேயே சென்னப்பட்டணம் என்ற பெயர் உண்டாயிற்று என்பர். இதைக் கேட்ட மகன், "அப்படியானால் சென்னைக்குத் தெலுங்கர் பெயரா?" என்று வியந்தான். "ஆம், திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பல தமிழில் உள்ளன, தெரியுமா?" என்றேன்.

1911 வரை வடஆர்க்காடு ஜில்லாவிலிருந்த சந்திரகிரி, பின்னர் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்துடன் சென்றது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது சந்திரகிரி அதில் அடங்கியது. எல்லைக் கோடுகள் இவ்வளவு மாறியும், இரு மொழியினரும் இப்பகுதியில் அடுத்தடுத்த வீடுகளில்தான் வாழ்ந்து வருகின்றனர்.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் புளி வாங்கினோம். தெலுங்கில் விலை சொன்ன மூதாட்டி, என் மனைவியின் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "எந்த ஊரும்மா நீங்க?" என்றார். எங்கள் சொந்த ஊரைச் சொல்வதா, குடியிருக்கும் ஊரைச் சொல்வதா என்று என் மனைவி சற்றே தயங்கினாள். அதற்குள் மகன், "திருப்பதி, பாட்டி!" என்றான், தமிழிலேயே. மூதாட்டி மகிழ்ந்து ஒரு பிடி புளி கூடுதலாக இட்டார்.

நம் சங்கத்து அன்பர்கள் தம் மக்களுடன் ஒருமுறையேனும் இவ்வூரைக் காண வேண்டும். வெள்ளிக்கிழமை காட்சிசாலைக்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்க.