26 தடவை விழுந்தாலும் உடையாது... ஆனா?

உங்க லேப்டாப்பை 4 அடி உயரத்திலிருந்து தொப்புனு தரையில போட்டுப் பாருங்களேன்... ஐயையோ, நிஜமாவே போட்டுடாதீங்க! இ.எம்.ஐ. கட்டுற உங்க அப்பா என்னைத் தேடி வந்துடுவார்.

ஆனா, அதே 4 அடி உயரத்திலிருந்து 26 தடவை போட்டுப் பார்க்குற சோதனையைத் தாண்டி வந்த கம்ப்யூட்டர்கள் இருக்கு. அமெரிக்க போலீஸின் ரோந்து கார்களில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஸ்டாண்டு போட்டு மாட்டியிருப்பாங்களே, அதேதான். அது என்ன 26 கணக்கு? ஒரு பெட்டிக்கு 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை. கூட்டிப் பாருங்க! எந்தப் பக்கம் விழுந்தாலும் தாங்கணும் என்பது அமெரிக்க ராணுவம் வகுத்த 'மில்-ஸ்டாண்டர்டு 810' சோதனை. பானாசோனிக் நிறுவனம் 1996-ல் 'டஃப்புக்' வரிசையைக் கொண்டுவந்தது. மக்னீசியக் கலவையில் மேல்பெட்டி, அதிர்ச்சியைத் தாங்க மெத்தை போட்டு உட்கார வைத்த ஹார்டு டிஸ்க் என்று ஆளே கட்டுமஸ்தாக இருந்தது.

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனபோது, அந்தப் பெட்டியைப் பக்கத்தில் பார்க்கும் சான்ஸ் எனக்குக் கிடைச்சது. அங்கே பல ஊர்களில் 'ரைடு அலாங்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. மனு கொடுத்து, 'எனக்கு ஏதாவது ஆனா நீங்க பொறுப்பில்லை'னு கையெழுத்துப் போட்டால், சில மணி நேரம் ரோந்து காரில் கூடவே சுத்தலாம். நம்ம ஊர்ல ஸ்டேஷன் வாசல் பக்கம் போகவே யோசிக்கிற பரம்பரை நான். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தப்போ கால் லேசா நடுங்குச்சு என்பது நமக்குள்ளேயே இருக்கட்டும்!

கார் குலுங்கிக்கிட்டே ஓடுது. வெயில்ல நிறுத்தினா உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்குது. கையில காபி கப்போடுதான் முக்கால்வாசி நேரமும். சாதாரண லேப்டாப் இங்கே ஒரு மாசம்கூட தாங்காதுன்னு அப்பவே புரிஞ்சது. முன்னாடி போற வண்டியோட நம்பரைத் தட்டினா, சில நொடிகளில் பதில் வருது. வண்டி திருட்டுப் போனதா, ஓனர் மேல வாரன்ட் இருக்கா... எல்லாம்! எஃப்.பி.ஐ. 1967-ல் தொடங்கின என்.சி.ஐ.சி. என்ற தேசியத் தகவல் களஞ்சியம் வரைக்கும் அந்தக் குட்டிப் பெட்டியிலிருந்தே தேடலாம்.

நான் ஆர்வமா எட்டிப் பார்த்தா, அதிகாரி ஸ்க்ரீனைத் தன் பக்கமாத் திருப்பிக்கிட்டார். "தப்பா நினைக்காதீங்க தம்பி, இது அடுத்தவங்க தகவல். உங்களுக்குக் காட்ட எனக்கு அனுமதி இல்லை" என்கிற அர்த்தத்தில் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அப்போ எனக்கு என் ரூம்மேட் ஞாபகம் வந்துட்டான்.

அவன் பாஸ்போர்ட்ல ஒரே பேருதான். நம்மள்ல பலருக்கும் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாதே! அவனோட ஒத்தைப் பேரைக் குடும்பப் பேரா எடுத்துக்கிட்டு, முதல் பேர் இருக்க வேண்டிய இடத்துல 'எஃப்.என்.யு.'னு விசாவுல அச்சடிச்சுட்டாங்க. 'முதல் பெயர் தெரியவில்லை'னு அர்த்தம். டிரைவிங் லைசென்ஸ்லயும் அதுவே ஏறிடுச்சு. ஒருநாள் ராத்திரி ஹெட்லைட் எரியலைன்னு போலீஸ் நிறுத்த, அவனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாம கம்ப்யூட்டர் முழி பிதுங்க, இவன் ரோட்டோரத்துல அரை மணி நேரம் வியர்த்துக் கொட்டினான். வந்து சொன்னப்போ விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பாருங்க... 'ஆளே இல்லை'ங்கிறதுக்குப் பதிலா, வேற எவனோட வாரன்ட்டோ அவன் பேருக்கு வந்திருந்தா?

நடக்காத கதை இல்லைங்க. 1991 ஜனவரி, அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரம். ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் வந்த எவன்ஸ் என்பவரைப் போலீஸ் நிறுத்தியது. ரோந்து கார் கம்ப்யூட்டர், 'இவர் மேல் வாரன்ட் இருக்கு' என்றது. கைது செய்து காரைச் சோதித்ததில் கஞ்சா கிடைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வாரன்ட் 17 நாட்களுக்கு முன்பே ரத்தாகியிருந்தது! ரத்தான விஷயம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'தவறு கோர்ட் ஊழியர்களுடையது. போலீஸ் கம்ப்யூட்டரை நம்பித்தான் செயல்பட்டது. அதனால் கஞ்சாவைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்' என்று 1995-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

கஞ்சா வைத்திருந்தது தப்புதான், மறுக்கலை. ஆனா அன்னிக்குப் பையில் எதுவுமே இல்லாத ஒருத்தர் மாட்டியிருந்தாலும் கையில விலங்கு விழுந்திருக்குமே!

அதனால்தான் என்.சி.ஐ.சி.யில் ஒரு விதி இருக்கு. ஸ்க்ரீன்ல பேர் வந்தது மட்டுமே கைதுக்குப் போதாது. அந்தத் தகவலைப் பதிவு செய்த அலுவலகத்தைக் கேட்டு, 'இது இன்னும் உயிரோட இருக்கா? இவரேதானா?'னு உறுதி செய்யணும். அவசரம்னா 10 நிமிஷத்துல, இல்லைன்னா ஒரு மணி நேரத்துல பதில் வந்தாகணும். எனக்கு அந்த மேக்னீசியப் பெட்டியைவிட இந்த 10 நிமிஷம்தான் கில்லாடியாத் தெரியுது. பெட்டி உடையாம இருக்க இன்ஜினீயருங்க 26 தடவை யோசிச்சாங்க. உள்ளே வர்ற ஒரு வரி தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு யோசிச்ச புண்ணியவானும் அதே அளவுக்கு இன்ஜினீயர்தான்!

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாளைக்கு உங்கள்ல யாரோ ஒருத்தர்தான் ரேஷன் கார்டுக்கோ, பேங்க்குக்கோ, கோர்ட்டுக்கோ சாஃப்ட்வேர் எழுதப் போறீங்க. ஒரு பேரைச் சேர்க்குற பட்டனை எல்லோரும் ஜோரா செஞ்சுடுவோம். ஃபைனல் இயர் புராஜெக்ட் காட்டும்போது உங்க டீம்ல ஒருத்தர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேளுங்க: "தப்பா ஏறின பேரை அழிச்சா, கடைசி ஸ்க்ரீன் வரைக்கும் அது மறைய எத்தனை நிமிஷம் ஆகும்?"

பதில் '17 நாள்'னு வந்தா, டெமோவைத் தள்ளிப் போடுங்க பாஸ்!