பெர்த்தாம் வண்டலில் ஒரு தேதி

மார்ச் 9

மழை ஓய்ந்தபின் ஆற்றோரமாக நடந்தேன். கரை சரிந்த இடத்தில் மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது: மேலே வேர் பின்னிய கறுப்பு மண், அதன்கீழ் ஒரு சாண் கனத்துக்குப் பழுப்பு வண்டல், அதற்கும் கீழே கூழாங்கல். வண்டலினின்று துருத்திக்கொண்டிருந்த மீ பாக்கெட்டின் உறையொன்றை உருவினேன். சாயம் வெளுத்திருந்தும், பட்டைக்கோடுகளின் அடியில் 955 என்னும் மலேசிய எண்ணும், விளிம்பில் 03 2014 என்னும் காலாவதித் தேதியும் வாசிக்கும்படியாகவே இருந்தன.

2013 அக்டோபர் 23 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு இப்பள்ளத்தாக்கில் வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றதை லெம்பா பெர்த்தாமில் எவரும் மறக்கவில்லை. இந்த வண்டல் அன்றைய சேறுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் வருங்காலத்துப் புதைபொருள் ஆராய்ச்சியாளர் ஒருவர், உறையில் கண்ட 2014-ஐயே அடுக்கின் வயதாகக் கொள்வாராயின், அந்த வெள்ளத்தைத் தப்பான ஆண்டில் நிறுத்திவிடுவார். ஏனெனில் அச்சிட்டிருப்பது உண்பதற்குரிய கெடுவேயன்றி எறியப்பட்ட நாள் அன்று.

மார்ச் 14

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர், இத்தாலியினின்று கப்பலேறி வந்த அரெட்டைன் மட்கலச் சில்லுகளைக் கொண்டன்றோ, அதுவரை காலம் நிர்ணயிக்க இயலாதிருந்த தென்னிந்திய மண்ணடுக்குகளுக்குக் கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்க காலத்தில் ஓர் உறுதியான இடத்தை வகுத்தார்! பிறந்த காலம் தெரிந்த பொருள் ஓர் அடுக்கில் கிடந்தால், அவ்வடுக்கு அப்பொருளுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அந்த நியாயமே பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும். பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. பட்டைக்கோடு கடைகளில் முதன்முதல் வாசிக்கப்பட்டது 1974-இல். வேல்ஸ் நாட்டுக் காஸ்டெல் ஹென்லிஸில், இரும்புக் காலத்துக் குடில்களின் மாதிரியாக எழுப்பப்பட்டு, பள்ளிப்பிள்ளைகள் வந்து பார்த்துச் சென்ற வீடுகளின் தரையைப் பின்னாளில் அகழ்ந்தவர்கள், தின்பண்ட உறைகளும் உறிஞ்சுகுழல்களுமாக ஏறக்குறைய 2000 பிளாஸ்டிக் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள்.

எனினும் மட்கலம் விழுந்த இடத்தில் கிடக்கும். பிளாஸ்டிக்கோ நீரில் மிதக்கும், காற்றில் பறக்கும். 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட அதே சுல்தான் அபு பக்கார் அணையினால் உண்டான ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் வண்டல் முழுவதும் அவ்வாண்டுக்குப் பிற்பட்டது என்பதில் சந்தேகமில்லை. மேட்டிலே காடழித்துப் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்களின் மண் மழைதோறும் அரித்து வந்து அதைத் தூர்க்க, இயந்திரம் கொண்டு தூர் வாரும்போது மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றாகிவிடுகின்றன. மலை தன் மண்ணை இழந்த விருத்தாந்தம் வரிசையாகப் பதிந்திருக்கும் ஒரே ஏடு கலைந்துபோகிறதே என்று மனம் பதைக்கிறது.

மார்ச் 15

தூர் வாராமல் இருக்க முடியாது; தாழ்வில் மனிதர்கள் வசிக்கிறார்கள். ஆனால் சரிந்த கரை இன்னும் கலையவில்லை. இன்று அதை அளந்து, உறை கிடந்த ஆழத்தைக் குறித்தேன். வெள்ளம் வந்த இரவில் சேறு எந்தப் படிவரை ஏறிற்று என்று ஆற்றோரத்துப் பெரியவர்களை வீடு வீடாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். உறையின் தேதியை அவர்களுடைய சாட்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இப்போதுதான் முடியும்.