மச்சான்ட போட்டில் பெற்றோல் மணம்

கொஞ்சம் நீளமான பதிவு. கடலுக்குப் போற வீட்டுக்காரங்களாவது கடைசிவரை வாசிங்க.

மச்சான் அண்மையில் பழைய பைபர் போட் ஒன்றை என்ஜினோடு வாங்கினார். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற என்ஜின். பார்க்கப் போன அன்றே பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது.

"போட் எண்டா மணக்கும்தான் மச்சான். நீங்க ஸ்கூல்ல இரிக்கிற ஆள், ஒங்களுக்கு அப்படித்தான் இரிக்கும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, பள்ளத்தில் போய்த் தங்கும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற அதே நான்தான். போட்டின் அடிப்பகுதி ஒரு பெரிய கோப்பை மாதிரி. அதற்குள் என் மருமகன் இரவில் வலையோடு குந்தியிருப்பான். கூடப் போகிறவர் சிகரெட் பற்றவைப்பார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகனையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். போட்டைக் கழுவிக் காயவிட்டோம். பெற்றோல் டாங்கியைத் தனியாக மணலில் வைத்துப் பார்த்தோம். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. மருமகன் ஒரு விசயம் சொன்னான்: "ஓடக்குள்ள மணம் இல்ல மாமா. பல்ப அமுக்கி ஸ்டார்ட் பண்ணக்குள்ளதான்."

அங்கேதான் பிடி கிடைத்தது. ஓடும்போது என்ஜின் எண்ணெயை இழுக்கிறது. ஹோஸில் வெடிப்பு இருந்தால் காற்றுத்தான் உள்ளே போகும், எண்ணெய் வெளியே வராது. பல்பை அமுக்கும்போதுதான் உள்ளிருந்து வெளியே தள்ளும். கல்லு மாதிரி இறுகும்வரை அமுக்கிவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பல்ப் தொய்ந்துவிட்டது. கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து ஹோஸ் நெடுக ஒற்றிக்கொண்டு போனேன். தளப்பலகைக்குக் கீழே தாள் நனைந்தது. பழைய ஆள் இரண்டு ஹோஸ் துண்டை சைக்கிள் டியூபால் சுற்றிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்! அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய பிறகு, ஹோஸ் மாற்றுவதை எத்தனை பேர் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

புது ஹோஸ், புது கிளிப் போட்டோம். பல்ப் தொய்யவில்லை. ஆனால் மூன்று நாள் கழித்தும் மணம். இப்போது பெற்றோல் இல்லை, பழைய மண்ணெண்ணெய் மணம். இருக்கைக்குக் கீழே இருந்த போம் முழுக்க ஊறியிருந்தது. தோண்டி எடுத்தோம். போட்டில் தண்ணீர் ஏறினால் தாழவிடாமல் வைத்திருப்பது அந்த போம்தான். புதுசு நிரப்பும்வரை இறக்கவேண்டாம் என்றேன்.

"நல்ல மீன் படுற நேரம் மச்சான்!" என்று கத்திவிட்டுப் போனார். ஐந்து நாள் போட் மணலில் கிடந்தது. ஐந்து நாளும் அவர் என்னோடு கதைக்கவில்லை.

ஆறாம் நாள் விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டு வரும்போது கேற்றில் ஒரு பை தொங்கியது. உள்ளே நாலு பாரைக் குட்டி.