கதைக்குள் வந்த ஆசிரியர்

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் பாதி பாராட்டு, பாதி சண்டை. பல வருஷங்களுக்கு முன்பு எனக்கு வந்த ஒரு கடிதம் இரண்டிலும் சேராதது.

அப்போது நான் எழுதிவந்த கதையில், கதாநாயகியின் தங்கையை டைபாயிடு ஜுரத்தில் சாகவிட்டிருந்தேன். கதை தொய்ந்து கிடந்த சமயம். ஒரு சாவு விழுந்தால் நிமிர்ந்துகொள்ளும் என்று பட்டது. அத்தியாயத்தை முடித்துத் தபாலில் சேர்த்தேன். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

இதழ் வெளிவந்த பத்தாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஓர் உபாத்தியாயர். அவருடைய மகளும் அதே வயதில், அதே ஜுரத்தில் போனவளாம். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: “அந்தப் பெண்ணைப் படைத்தவர் நீங்கள். அவள் போனபோது நீங்கள் அழுதீர்களா?”

‘கதையின் போக்கு அப்படி’ என்று பதிலை ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டேன். ‘வாழ்க்கையின் யதார்த்தம்’ என்று ஆரம்பித்தேன். அதையும் கிழித்தேன். அந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல என்று மெல்லத்தான் புரிந்தது. உலகத்தைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்று நம்புகிற எந்த வீட்டிலும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவனிடம் கேட்கிற கேள்வி அல்லவா அது?

அந்த நாட்களில் டாரத்தி ஸேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1941-இல் வெளியிட்ட ‘தி மைண்ட் ஆஃப் தி மேக்கர்’ என்ற புத்தகம் என் மேஜைமேல் கிடந்தது. லார்ட் பீட்டர் விம்ஸி என்ற துப்பறியும் பிரபுவைப் படைத்த அம்மாள்தான். பாதிரியார் ஒருவரின் மகள். கடவுள் உலகத்தைச் சிருஷ்டித்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதை, எழுத்தாளன் கதையைச் சிருஷ்டிப்பதோடு வைத்துப் பார்க்கிறது அந்தப் புத்தகம்.

இந்த உவமை ஓரிடத்தில் நொண்டும். குயவனுக்குக் களிமண் வேண்டும். எனக்கோ பாஷை வேண்டும். எங்கோ பார்த்த முகங்கள், யாரோ சொல்லிக் கேட்ட வம்புகள் எல்லாம் வேண்டும். கிறிஸ்தவர்களின் கடவுளுக்கு முதல் சரக்கு எதுவும் வேண்டியதில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்தே அவர் எல்லாவற்றையும் உண்டாக்கினார் என்பது அவர்கள் கொள்கை. உலகம் அவருடைய உடம்பு அல்ல. அவருடைய ஒரு பகுதியும் அல்ல. அவர் வேறு, அது வேறு.

ஆனால் மற்றோர் இடத்தில் உவமை நன்றாகவே நடக்கிறது. உலகத்தைப் படைப்பதற்கு முன்னால் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற குதர்க்கத்தை அகஸ்டின் என்ற மகான் எடுத்துக்கொண்டு, காலமே படைப்போடு பிறந்ததுதான், அதற்கு ‘முன்னால்’ என்பதே கிடையாது என்றார். கதை எழுதுகிறவனுக்கு இது சுலபமாக விளங்கும். என் கதை ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்குகிறது. அதற்கு முந்தின ஞாயிறன்று நான் எங்கே இருந்தேன் என்று அந்தக் கதையின் காலண்டரில் தேடினால் கிடைக்குமா?

படைத்தவனுக்கும் பாத்திரத்துக்கும் இடையே இருப்பது ஒரு காகிதத்தின் கனம்தான். ஆனால் தாண்ட முடியாத கனம். என் கதாநாயகி கிணற்றில் விழுந்தால் நான் கயிற்றோடு ஓட முடியாது. கடவுள் அதைத் தாண்டினார் என்பதுதான் கிறிஸ்தவர்களின் இரண்டாவது பெரிய நம்பிக்கை.

நாலாம் நூற்றாண்டில் இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குருவானவர், கிறிஸ்து எல்லோரிலும் மேலானவர்தான், ஆனாலும் படைக்கப்பட்டவர்தான் என்றார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். அவர் படைக்கப்பட்டவர் அல்லர்; பிதாவோடு ஒரே பொருளானவர் என்று தீர்மானித்தார்கள். 451-இல் கால்செதோனில் கூடியவர்கள், அவர் முழுக் கடவுள், முழு மனிதன், இரண்டும் ஒருவரே என்றார்கள். இதெல்லாம் பண்டிதர்களின் வார்த்தைச் சிலம்பம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். உபாத்தியாயரின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது அப்படித் தோன்றவில்லை. ஆரியுஸ் சொன்னது சரியென்றால், ஆசிரியர் தம் பாத்திரங்களில் ஒருவரைச் சாக அனுப்பினார் என்று ஆகிறது. அதைத்தான் நானே செய்திருந்தேனே! நிசேயாவின் கட்சி, ஆசிரியரே வந்தார் என்பது.

அவதாரம் என்ற சொல் நம்மில் பலருக்குப் புதிதல்ல. சீதையைத் தேடி இராமன் அழுத கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவதாரங்கள் யுகத்துக்கு யுகம் வருபவை. கிறிஸ்தவர்கள் சொல்வது ஒரே ஒரு தடவை. ஓர் ஊரில், ஒரு தாய் வயிற்றில். அவர்களுடைய விசுவாசப் பிரமாணத்தில் பொந்தியு பிலாத்து என்ற ரோமானிய அதிகாரியின் பெயர்கூட இருக்கிறது. அவன் பெயர் பொறித்த கல் ஒன்றை 1961-இல் செசரியாவில் தோண்டி எடுத்தார்கள்.

இதை நம்புகிறவர்களுக்கே இது லேசில் ஜீரணமாவதில்லை. ஸேயர்ஸ் அம்மாள் இயேசுவின் வாழ்க்கையைப் பன்னிரண்டு வானொலி நாடகங்களாக எழுதினார். 1941 டிசம்பரிலிருந்து 1942 அக்டோபர் வரை பி.பி.சி. அவற்றை ஒலிபரப்பியது. ஒலிபரப்பாகும் முன்பே கூச்சல் கிளம்பிவிட்டது. கிறிஸ்துவின் குரலை ஒரு நடிகர் பேசுவதா? அவருடைய சீடர்கள் சந்தையில் பேசுகிற இங்கிலீஷா பேசுவது? சிங்கப்பூர் வீழ்ந்ததே இந்தப் பாவத்தால்தான் என்று சொன்னவர்களும் உண்டாம். கடவுள் மனிதனானார் என்று ஞாயிறுதோறும் சொல்கிறவர்கள், அவர் மனிதனைப் போலப் பேசியபோது காதைப் பொத்திக்கொண்டார்கள்!

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஒரு கட்டம் வருகிறது. லாசரு என்ற நண்பன் இறந்து நாலு நாளாகிவிட்டது. இயேசு வருகிறார். செத்தவனின் சகோதரிகள் இருவரும், நீர் இங்கே இருந்திருந்தால் இவன் போயிருக்க மாட்டானே என்று ஒரே குறையைத் தனித்தனியே சொல்கிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார் அவர். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் கல்லறைக்குப் போகிற வழியில் அழுகிறார்.

கதாசிரியனாக இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அடுத்த பக்கம் தெரிந்தவன் அழ வேண்டிய அவசியம் என்ன? நான் அழாததற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமே அதுதானே. அடுத்த அத்தியாயத்தில் அக்காவுக்குக் கல்யாணம் என்பது எனக்குத் தெரியும்!

நான் கிறிஸ்தவன் அல்லன். அந்த நம்பிக்கை உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உபாத்தியாயரின் மகள் ஏன் போனாள் என்பதற்கு அதில் பதில் இருப்பதாகவும் நான் சொல்லமாட்டேன். ‘ஏன்’ என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ‘அழுதீர்களா?’ என்ற கேள்விக்கு மட்டும் அவர்கள் ஆம் என்கிறார்கள்.

உபாத்தியாயருக்கு மூன்றாவது தடவையாகக் கடிதம் எழுதினேன். “இல்லை, ஐயா. அழவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்” என்று எழுதினேன். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். அந்தப் பெண்ணைப் பிழைக்க வைக்கவில்லை, அது பொய்யாகிவிடும். முன்பு நாலு வரியில் முடித்திருந்த அந்த ராத்திரியை, இந்தத் தடவை விடியும்வரை எழுதினேன். அவள் தண்ணீர் கேட்டது, நெற்றியில் போட்ட ஈரத்துணி சூடாகிப் போனது, அம்மா அதை மறுபடி மறுபடி நனைத்தது எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எழுதி முடித்தபோது காலை காப்பி ஆறிப் போயிருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

புத்தகத்தில் ஒரு பிரதியை உபாத்தியாயருக்கு அனுப்பினேன். ஒரு கார்டு வந்தது. “பத்தாம் அத்தியாயம் வாசித்தேன். என் சம்சாரத்துக்கும் வாசித்துக் காட்டினேன்” என்று மட்டும் எழுதியிருந்தார்.