அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க

என் மகளுக்கு 18 வயது முடிந்த மாதம், 16 வருடங்களாக நாங்கள் போய்க்கொண்டிருந்த குழந்தைகள் இதயப் பிரிவில் அவளுக்கு விடைகொடுத்தார்கள். அவளை இடுப்பில் தூக்கி வந்த காலத்திலிருந்து பார்த்த டாக்டர், “இனிமே நீ பெரிய மனுஷி. மாடிக்குத்தான் போகணும்” என்றார். அந்தச் சொல்லுக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற இன்னொரு அர்த்தத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மாடியில் சுவரில் ஒட்டகச்சிவிங்கி இல்லை. பைபாஸ் செய்துகொண்ட பெரியவர்கள் வேட்டியை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் கல்லூரிப் பிள்ளை. உள்ளே இருந்தவர் இளம் பெண் மருத்துவர். நான் நீட்டிய ஃபைலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மகளிடம் கேட்டார்:

“உனக்கு என்ன ஆபரேஷன் ஆச்சு, சொல்லு பாப்போம்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் தொடங்கினேன். “ரெண்டு வயசுல, டாக்டர்...”

“அவ சொல்லட்டும்.”

“ஹார்ட்ல ஓட்டை இருந்துச்சு. அடைச்சிட்டாங்க” என்றாள் மகள்.

“வேற?”

வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. டாக்டர் என் பக்கம் திரும்பி, “அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்றார்.

பெண் எழுத்தும் உடலும் பற்றி வகுப்பில் இரண்டு மணி நேரம் பேசுகிறவள் நான். தன் உடலைப் பற்றி மகளுக்கு இரண்டு வாக்கியம்தான் தெரிந்திருந்தது. அதற்குமேல் தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான்.

அவளுக்கு இருந்தது ஓட்டை மட்டும் அல்ல. ஃபாலட் நால்குறை என்கிற பிறவிக் கோளாறு. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். மகாதமனி இடம்மாறி ஓட்டையின்மேல் அமர்ந்திருக்கும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து வலது கீழறை தடித்துப்போகும். அழுதால் அவள் உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகும். நாலடி நடந்தால் குந்தி உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வயதில் ஓட்டையை மூடி, குறுகிய வழியை அகலமாக்கினார்கள். அப்படி அகலமாக்கும்போது அங்குள்ள வால்வு பலருக்குக் கசியத் தொடங்கும். கசிகிற ரத்தம் திரும்பி வந்து வலது கீழறையை வருடக்கணக்கில் மெல்ல வீங்கவைக்கும். வெளியே எதுவும் தெரியாது. பிள்ளை ஓடும், ஆடும். ஆனால் வளர்ந்தபின் புது வால்வு வைக்க வேண்டிவரலாம், இதயத்துடிப்பு தடம் மாறலாம். அதனால் ஆயுள் முழுக்கப் பரிசோதனை வேண்டும்.

அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது கசிவு கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். அதைச் சொல்லப்போகிறார் என்று அவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. “பாப்பா, வெளியே போய்த் தண்ணி பாட்டில் நிரப்பிட்டு வா” என்று அவளை அனுப்பினேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி அனுப்பினேன்.

பிள்ளை பயப்படுவாள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இன்னொன்றும் இருந்தது. என் அம்மா, அவளுடைய ஆச்சி, நெஞ்சின் நடுவே ஓடும் தழும்பைத் தடவி, “கழுத்து ஏறுன சட்டையாவே தச்சுப் போடு. நாளைக்கு ஒரு இடத்துல கேக்கும்போது எதுக்கு?” என்பாள். நான் அம்மாவோடு சண்டை போடுவேன். ஆனால் கழுத்து ஏறிய சட்டைதான் தைத்துப் போட்டேன். ஃபைல் என் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

வெளியே என் பக்கத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. அவர் மகளுக்கு 21 வயது, ஐந்து மாதம். மூச்சு வாங்குகிறது என்று கூட்டிவந்திருந்தார். சின்ன வயதில் அவளுக்கும் இதே ஆபரேஷன். “நல்லாத்தான் இருந்தா. சரியாப் போச்சுன்னு விட்டுட்டோம்” என்றவர், குரலைத் தாழ்த்தி, “மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லல” என்றார்.

இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெரும்பாலான பெண்கள் தகுந்த கண்காணிப்போடு பிள்ளை பெறலாம். கருத்தரிக்கும் முன்பே பரிசோதித்து, வால்வு மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொண்டு, அதன்பின் திட்டமிட வேண்டும். ஆனால் தன் நோயின் பெயரே தெரியாத பெண் யாரிடம் எதைக் கேட்பாள்? அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் எல்லை 18 வயது. பெண்ணுக்குச் சட்டப்படி கல்யாணம் செய்துவைக்கலாம் என்கிற வயதும் அதே 18. சிகிச்சையின் கதவு சாத்துகிற நாளில் கல்யாணப் பேச்சின் கதவு திறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஃபைல் தொலைந்துபோகிறது, அல்லது ஒளித்துவைக்கப்படுகிறது.

நீலம் பாய்ந்த குழந்தைகள் பிழைக்க முடியும் என்று முதலில் நம்பியவர்களில் ஒருவர் ஹெலன் டாசிக். பெண்களுக்கு ஹார்வர்ட் மருத்துவப் பட்டம் தராத காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து மருத்துவரானவர். காது கேட்காமல் போனபின் குழந்தைகளின் நெஞ்சில் விரல் வைத்துத் துடிப்பை அறிந்தார். அவருடைய யோசனையில் பிறந்த அறுவைச் சிகிச்சை 1944இல் பால்டிமோரில் நடந்தது. அப்படிப் பிழைத்த குழந்தைகள் வளர்ந்தார்கள். வளர்ந்தவர்களைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. குழந்தை மருத்துவருக்கு அவர்கள் பெரியவர்கள். பெரியவர்களின் மருத்துவருக்கு அந்த இதயம் பழக்கமில்லாதது. லண்டனில் ஜேன் சோமர்வில் 1975இல் அவர்களுக்கென்று தனி வார்டு திறந்தார். அவரும் பெண். பிழைக்கவைத்ததோடு வேலை முடியவில்லை என்று இந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து மகள் வெளியே வந்தாள். கையில் ஒரு தாளில் இதயத்தின் படம், டாக்டர் பேனாவால் வரைந்தது. என்ன கேட்டாய், என்ன சொன்னார் என்று நான் கேட்டதற்கு, “கொஞ்சம் கேட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் விழுப்புரம் தாண்டியபிறகு, மேல் பெர்த்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வால்வு கசியுதுன்னு உனக்கு எப்போ தெரியும்?”

“நீ ஒன்பதாவது படிக்கும்போது.”

“நாலு வருசம்.”

“நீ பயந்துருவேன்னு...”

“நான் பயந்திருப்பேன். பயந்துட்டு, நெட்பால் டீம்ல சேரலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டிருப்பேன். மூச்சு வாங்குறப்பல்லாம் நான் சோம்பேறின்னு நெனச்சிருக்க மாட்டேன்.”

என்னிடம் பதில் இல்லை. ரயில் சத்தம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும், ஃபைலை நான் பீரோவில் வைக்கப் போகும்போது கையை நீட்டினாள். கொடுத்தேன். பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தாள். ஆச்சி வாசலில் நின்று, “எதுக்குட்டி இதையெல்லாம் வெளிய போட்டுவச்சிருக்க? யாராவது வரப்போறாங்க” என்றாள். மகள் நிமிரவில்லை.

என்னோடு அவள் சரியாகப் பேச மூன்று வாரமானது. அடுத்த பரிசோதனைத் தேதி இப்போது அவள் போனில் இருக்கிறது. கூட வரட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.